கருமமே கட்டளைக்கல் என்றால் ஒரு வாரம் போதாதா?

பாரிமுனை | ஜூலை 6, காலை 9.20

கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மொத்த வியாபாரம். கல்லாவுக்கு ஒரு ஆள், பாக்கி வசூலுக்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் எங்கே கிடைக்கும் என்று கேட்க வரவில்லை. ஒருவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள எவ்வளவு நாள் ஆகும் என்பதுதான் கேள்வி.

வள்ளுவர் 505ஆம் குறளில் நேராகவே சொல்லிவிட்டார், ஒருவனுடைய உயர்வுக்கும் தாழ்வுக்கும் அவன் செயலே உரைகல் என்று: "பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்." அப்படியானால் ஒரு வாரம் வேலை வாங்கிப் பார்த்தால் போதாதா? குணம் இருக்கிறவனிடம் அன்றைக்கே தெரியும். இல்லாதவனுக்குப் பத்து வருஷம் கொடுத்தாலும் வராது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

மாம்பலம் | ஜூலை 6, மதியம் 1.05

போதாது. இதற்குக் கணக்கே இருக்கிறது.

1928 முதல் 1930 வரை அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். விடைகளைக் கையில் கொடுத்து அவரவர் தாளை அவரவரே திருத்தச் சொல்வது ஒரு சோதனை. கண்ணை மூடிக்கொண்டு வட்டத்துக்குள் புள்ளி வைக்கச் சொல்வது இன்னொன்று. காசு வைத்த பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்குவது, விளையாட்டில் எடுத்த புள்ளியைத் தானே எழுதிக்கொள்ளச் சொல்வது என்று இன்னும் பல. ஒன்றில் ஏமாற்றிய பிள்ளை மற்றதிலும் ஏமாற்றுமா என்று பார்த்தால் ஒட்டுறவு 0.2 சுற்றித்தான் வந்தது. 1 என்றால் அச்சுப் பிசகாத பொருத்தம், 0 என்றால் சம்பந்தமே இல்லை. அதாவது காசுப் பெட்டியில் கை வைக்காத பையன் பரீட்சையில் விடையைப் பார்த்து எழுதியிருக்கிறான். பரீட்சையில் யோக்கியமாக இருந்தவன் விளையாட்டில் புள்ளியைக் கூட்டிப் போட்டிருக்கிறான்.

ஆகவே "நேர்மையானவன்" என்று தனியாக ஒரு சாதி கிடையாது. இந்த இடத்தில் நேர்மையாக இருந்தான் என்பதற்கு மேல் ஒரு வாரத்தில் எதுவும் சொல்ல முடியாது.

அயனாவரம் | ஜூலை 6, மதியம் 1.40

இன்டர்வியூவில் எல்லாரும் பத்தரை மாற்று. மூணாவது மாசம் சம்பள அட்வான்ஸ் கேட்கும்போதுதான் கவரிங்னு தெரியும்.

சவுகார்பேட்டை | ஜூலை 6, இரவு 10.50

கட்டளைக்கல் என்ற சொல்லை இரண்டு பேருமே கண்ணாடி மாதிரி நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அது என்ன செய்யும், எங்கே தவறும் என்று தெரியாமல் அந்தக் குறளைப் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

உரைகல் கறுப்பு, மணி நெருக்கமான கல். அமிலத்துக்குக் கரையக் கூடாது. நகையை ஒரே அழுத்தத்தில் இழுத்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குக் கோடு போட வேண்டும். பக்கத்திலேயே, மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், முன்பே தெரிந்த உரையாணியால் அதே அகலத்தில், அதே அடர்த்தியில் இன்னொரு கோடு. இரண்டின் நிறத்தையும் ஒப்பிடுவதுதான் சோதனை. கல் தானாக ஒன்றும் சொல்லாது. ஆணி இல்லாத கல் வெறும் கல். பிறகு இரண்டு கோட்டின் மேலும் நைட்ரிக் அமிலம் ஒரு சொட்டு. பித்தளை பச்சையாகப் பொங்கிக் காணாமல் போகும். மாற்றுக் குறைந்த தங்கம் மங்கும். 22 காரட் அசையாது. அதற்கு மேல் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் உப்பு அமிலம் கலந்த கலவை வேண்டும்.

தவறும் இடங்கள்:

எண்ணெய்ப் பிசுக்கு, வியர்வை இருந்தால் நிறம் மாறிக் காட்டும். கல்லைத் துடைக்காமல் அடுத்த நகையை உரைத்தால் போன நகையின் துகளும் கோட்டில் சேரும்.

பற்றவைத்த இடத்தில் உரைத்தால் மாற்றுக் குறைவாகவே காட்டும். பற்றவைக்கும் பொடி சீக்கிரம் உருகவேண்டும் என்பதற்காக அதில் கலப்பு கூடுதல். நகை நல்ல நகையாகவே இருக்கும். நீங்கள் உரைத்த இடம் தப்பு.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், கல் தோலைத்தான் பார்க்கும். முலாம் கனமாக இருந்தால் ஏமாறுவீர்கள். அதனால்தான் அரத்தால் ஒரு கீறல் போட்டு உள்ளே உரைப்பது. டச் மெஷின் என்று இப்போது வைத்திருக்கும் எக்ஸ்ரே கருவியும் மேல்தோலைத் தாண்டி ஆழமாகப் போகாது. நடுவே டங்ஸ்டன் வைத்திருந்தால் எடைபோட்டும் பிடிக்க முடியாது. தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டனுக்கு 19.25.

சந்தேகமே இல்லாமல் தெரியவேண்டும் என்றால் நெருப்புதான். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1418 சொல்லும் முறை. துணுக்கை வெட்டி, வெள்ளியும் ஈயமும் சேர்த்து, நுண்துளைக் கிண்ணத்தில் உலையில் வைத்தால் ஈயமும் செம்பும் கிண்ணத்தில் இறங்கிவிடும். மிஞ்சிய மணியைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரையும். மிச்சத்தை எடை போட்டால் அதுதான் தங்கம். ஆனால் வெட்டின துணுக்கு போனது போனதுதான். முழு நகையையும் இப்படிப் பார்த்தால் பார்த்த பிறகு போட்டுக்கொள்ள நகை இருக்காது.

மாம்பலம் | ஜூலை 7, காலை 6.30

சவுகார்பேட்டை ஐயா சொன்னதில் ஆணி விஷயம் முக்கியம். 505ஐ எடுத்துக் காட்டும் எல்லாரும் கல்லைப் பிடித்துக்கொள்கிறோம், ஆணியை விட்டுவிடுகிறோம். "நன்றாக வேலை செய்கிறான்" என்றால் யாரோடு ஒப்பிட்டு? முன்பு இருந்தவன் படு மோசம் என்றால் வருகிறவன் எல்லாம் தங்கம்தான்.

அதே குறளில் "தத்தம்" என்ற சொல்லும் கவனிக்காமல் போகிறது. கருமமே கட்டளைக்கல் என்று நிறுத்தாமல் தத்தம் கருமமே என்கிறார். அவரவர் செய்தது அவரவருக்கு. அப்பன் செய்தது, அண்ணன் செய்தது, தெருப் பெயர், பட்டம் எதுவும் உரைகல் ஆகாது. 502இல் "குடிப்பிறந்து" என்று ஆரம்பித்த அதே அதிகாரத்துக்குள் மூன்று குறள் தள்ளி இது வருகிறது. அவருக்கே இரண்டாவது யோசனை வந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பரிமேலழகர் இதற்கு ஒப்ப மாட்டார், போகட்டும்.

மாம்பலம் | ஜூலை 7, காலை 7.15

என் முதல் குறிப்பையே திருத்த வேண்டியிருக்கிறது. 0.2 என்பதை வைத்துக்கொண்டு குணமே கிடையாது என்ற மாதிரி எழுதிவிட்டேன். அந்த ஆய்வைப் பாதியில் மூடி வைத்தவர்கள் செய்யும் தவறு அது.

0.2 என்பது ஒரு செயலுக்கும் இன்னொரு செயலுக்கும் இடையிலான பொருத்தம். ஒன்பது சோதனைகளைக் கூட்டிப் பார்த்தபோது அந்தக் கூட்டு மதிப்பின் நம்பகம் 0.73 வந்தது. ஒரு பந்தை வைத்து பேட்ஸ்மேனை எடைபோட முடியாது, ஒரு சீசனை வைத்துப் போடலாம் அல்லவா, அதுதான். இதற்குச் சூத்திரம் உண்டு, ஸ்பியர்மன்–பிரவுன் என்பார்கள். ஒற்றைப் பொருத்தத்தை எத்தனை முறை கவனித்தோமோ அந்த எண்ணால் பெருக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு, எண்ணில் ஒன்றைக் குறைத்து ஒற்றைப் பொருத்தத்தால் பெருக்கி ஒன்றைக் கூட்டி, அதனால் வகுக்க வேண்டும்.

0.2க்குப் போட்டுப் பார்த்தால்:
4 முறை கவனித்தால் 0.50
10 முறை என்றால் 0.71
20 முறை என்றால் 0.83

4இலிருந்து 10க்குப் போகும்போது கிடைக்கும் லாபம், 10இலிருந்து 20க்குப் போகும்போது கிடைப்பதில்லை. ஆகவே பாரிமுனை சாருக்கு நேரடிப் பதில்: தனித்தனியான பத்துச் சந்தர்ப்பங்கள். பத்து நாள் அல்ல. ஒருவன் பத்து நாளும் ஒன்பதரைக்கு டாணென்று வந்தான் என்பது பத்து அல்ல, ஒன்றுதான். நேரம் தவறாமை ஒரு சந்தர்ப்பம். சில்லறை அதிகமாகக் கொடுத்துவிட்ட வாடிக்கையாளரைக் கூப்பிட்டுத் திருப்பித் தந்தானா, பாரம் ஏற்றும் பையன் தப்புச் செய்தபோது எப்படிப் பேசினான், தன் தவறை நீங்கள் கேட்பதற்கு முன் சொன்னானா பின் சொன்னானா, அவசரத்தில் எப்படி, நீங்கள் ஊரில் இல்லாத நாளில் எப்படி... இவை வேறு வேறு. ஒரு மொத்தக் கடையில் இப்படிப் பத்து தானாக அமைய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பது என் மதிப்பீடு.

அயனாவரம் | ஜூலை 7, காலை 11.00

சிறைச்சாலை மாதிரி ஒன்று கட்டி, நல்ல பிள்ளைகளுக்குக் காவலர் சீருடை போட்டுவிட்டதும் ஆறே நாளில் அரக்கர்கள் ஆனார்களே, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், 1971. இடம்தான் மனுஷன், குணமாவது ஒன்றாவது.

மாம்பலம் | ஜூலை 7, மதியம் 12.20

அதை இங்கே கொண்டுவராதீர்கள். காவலர்களாக இருந்தவர்களுக்குக் கடுமையாக நடந்துகொள்ளச் சொல்லிக் கொடுத்தது 2018இல் வெளிவந்த ஒலிப்பதிவுகளில் தெரிந்துவிட்டது. சொல்லிக் கொடுத்து ஆட வைத்த கூத்து.

இடத்தின் பலத்துக்கு வேறு நல்ல சாட்சிகள் இருக்கின்றன. மில்கிராம் என்ற உளவியலாளர் 1963இல் வெளியிட்டது. ஆய்வாளர் சொன்னபடி இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும். 40 ஆண்களில் 26 பேர், மறுமுனையில் இருப்பவருக்கு உண்மையாகவே வலிப்பதாக நம்பிக்கொண்டே 450 வோல்ட் வரை பொத்தானை அழுத்தினார்கள். எல்லாரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதன் மாற்று வடிவங்கள்தான் முக்கியம். பக்கத்தில் இரண்டு பேர் "நாங்கள் செய்ய மாட்டோம்" என்று எழுந்துபோன வடிவத்தில் கடைசிவரை போனவர்கள் 40க்கு 4 பேர். அதே மாதிரி மனிதர்கள், அதே பொத்தான். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பது மட்டும்தான் மாறியது.

இன்னொன்று 1973, டார்லியும் பாட்சனும் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்கள் 40 பேரை வைத்துச் செய்தது. பேச்சு நிகழ்த்தப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகிறார்கள், வழியில் ஒருவர் சுருண்டு கிடக்கிறார். நேரம் நிறைய இருக்கிறது என்று நினைத்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நடுத்தர அவசரம் 45. தாமதமாகிவிட்டது என்று நினைத்தவர்களில் 10. பாதிப் பேர் பேசப்போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவும் நல்ல சமாரியன் என்ற பைபிள் கதை, அது பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு கல்லாவின் முன் பதினைந்து பேர் நிற்கும்போது உங்கள் ஆள் கரிசனமாகப் பேசவில்லை என்று அவன் குணத்தைக் குறை சொல்லாதீர்கள். இன்னொரு ஆளைக் கூடப் போடுங்கள்.

பாரிமுனை | ஜூலை 7, இரவு 9.45

பத்துச் சந்தர்ப்பம் என்று சொன்னீர்கள், சரி. அதற்கு மூன்று மாதம் காத்திருப்பானேன்? மேசைக்கடியில் ஒரு 500 ரூபாய் நோட்டைப் போட்டுவைத்தால் ஒரே நாளில் தெரிந்துவிடுமே. நிறைய கடையில் செய்கிறதுதான்.

மாம்பலம் | ஜூலை 8, காலை 6.10

செய்கிறதுதான். பழசும்கூட. கௌடில்யர் அர்த்தசாஸ்திரத்தில் இதற்கு நான்கு பொறி சொல்கிறார்: அறத்தைக் காட்டி இழுப்பது, பொருளைக் காட்டி இழுப்பது, காமத்தைக் காட்டி, அச்சத்தைக் காட்டி. 501ஆம் குறளின் "அறம்பொருள் இன்பம் உயிரச்சம் நான்கின் திறந்தெரிந்து" என்பதற்குப் பரிமேலழகர் இந்த நான்கையும் வைத்தே உரை சொல்கிறார்.

அர்த்தசாஸ்திரத்தில் அதற்கு அடுத்தாற்போல் வரும் இரண்டு விஷயங்கள் பாரிமுனை சாருக்கு வேண்டியவை.

முதலாவது, யாரை எங்கே வைப்பது என்ற பட்டியல். பொருள் சோதனையில் தேறியவன் வரி வசூலுக்கும் கருவூலத்துக்கும். அறச் சோதனையில் தேறியவன் நியாயத் தலங்களுக்கு. அச்சத்தில் தேறியவன் அரசன் பக்கத்தில். நான்கிலும் தேறியவன் மட்டும் மந்திரி. எதிலுமே தேறாதவனையும் வெளியே தள்ளவில்லை, சுரங்கம், காடு, யானை, தொழிற்சாலை என்று அனுப்புகிறார். ஒன்றில் தேறினால் ஒன்றுக்குத்தான் ஆள். 517 இதையே ஒரு வரியில் அடக்குகிறது: "இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்." மூன்று சுட்டு, ஒரே அடியில். "நல்லவன்" என்ற பொதுச்சொல் அதில் எங்கும் இல்லை.

இரண்டாவது, எச்சரிக்கை. கெடாதவனைச் சோதனைக்காகக் கெடுக்காதே, தண்ணீரில் விஷம் கலப்பது போல ஆகிவிடும், ஒருமுறை கலங்கிய புத்தி திரும்பித் தெளியாமலே போகலாம் என்கிறார். இது நெருப்புச் சோதனையின் கதைதான், துணுக்கு போய்விடும். 500 ரூபாய்ப் பொறியில் நடப்பது மூன்றில் ஒன்று. எடுத்துக் கொடுத்தால், அது பொறி என்று தெரிந்து கொடுத்தானா என்று உங்களுக்குத் தெரியாது. எடுத்துக்கொண்டால், பொறி இல்லாமல் இருந்தால் எடுத்திருப்பானா என்று தெரியாது. பொறி என்று பின்னால் கண்டுபிடித்தால், அன்றிலிருந்து நீங்கள் அவனைப் பற்றி அறிந்ததைவிட அவன் உங்களைப் பற்றி அறிந்தது அதிகம்.

அயனாவரம் | ஜூலை 8, காலை 9.30

நாலாவதும் உண்டு. பெருக்க வந்த அம்மா எடுத்துக்கொண்டு போய்விடுவார், பழி இவன் மேல் விழும்.

தண்டையார்பேட்டை | ஜூலை 8, இரவு 11.10

தணிக்கைக் கணக்குப் பார்க்கிறவர்கள் குணத்தைத் தேடுவதில்லை, வழியைத் தேடுவார்கள். 1953இல் கிரெஸ்ஸி என்பவர், நம்பிக்கைக்குரிய வேலையில் இருந்து கையாடிச் சிறைக்குப் போனவர்களிடம் பேசிப் பார்த்து மூன்று விஷயம் சொன்னார். வெளியே சொல்ல முடியாத பணமுடை, எடுக்க வழி, "கடனாகத்தான் எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம். முதலாவதும் மூன்றாவதும் உங்கள் கையில் இல்லை. நடுவில் இருப்பது உங்கள் கையில்.

கல்லாவுக்கு:

காலையில் ஒரே தொகை. 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 10, 20, 50 தாளும் நாணயமுமாக. எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து.

மாலையில் பில் மொத்தத்தைக் காட்டாமல் எண்ணச் சொல்லுங்கள். 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை என்று சீட்டில் எழுதின பிறகே கம்ப்யூட்டர் மொத்தத்தைத் திறப்பது. மொத்தத்தை முன்னாலேயே காட்டினால் எண்ணுகிறவர் அந்த எண்ணுக்கு வந்து சேருவார். திருட்டு இல்லை, மனுஷ சுபாவம்.

வித்தியாசம் இன்றைக்கு 20 கூட, நாளைக்கு 30 குறைய என்று இரண்டு பக்கமும் ஆடினால் எண்ணும்போது வரும் பிழை, விடலாம். எப்போதும் ஒரே பக்கம் குறைந்தால் கவனியுங்கள். இன்னும் அதிகம் கவனிக்க வேண்டியது, நாளைக்கு நூறு பில்லுக்கு மேல் போடும் கடையில் வாரக்கணக்காக ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லாமல் இருப்பது. எங்கோ தனியாக ஒரு டப்பா இருக்கிறது, கூடினால் அதில் போட்டு, குறைந்தால் அதிலிருந்து எடுத்துச் சரிக்கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

ரத்தான பில்லுக்கு நேரம் பாருங்கள். பில் போட்டு இரண்டு நிமிஷத்தில் ரத்து என்றால் வாடிக்கையாளர் மனம் மாறியிருக்கிறார். நாற்பது நிமிஷம் கழித்து ரத்து என்றால் அவர் சரக்கோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

கியூஆர் ஸ்டிக்கரைத் தினமும் காலையில் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதியுங்கள். ஸ்பீக்கர் கத்தினால் போதும் என்று இருக்காதீர்கள், மறுநாள் வங்கிக் கணக்கோடு தொகையை ஒத்துப் பாருங்கள்.

பாக்கி வசூலுக்கு:

இங்கே ஆபத்து ரொட்டேஷன். முதல் கடைக்காரர் கொடுத்த பணத்தை எடுத்துக்கொண்டு, இரண்டாவது கடைக்காரர் கொடுத்ததை முதலாமவர் கணக்கில் வரவு வைப்பது, மூன்றாமவர் பணத்தை இரண்டாமவர் கணக்கில். ஒருநாள்கூட விடாமல் உருட்ட வேண்டும், அதனால்தான் இப்படிச் செய்கிறவர் லீவே போடமாட்டார். நாம் "என்ன ஒரு உழைப்பாளி" என்று பெருமைப்படுவோம். வருஷத்துக்கு ஒருமுறை தொடர்ந்து ஒரு வாரம் பத்து நாள் கட்டாய லீவு, அந்த நாளில் வேறு ஆள் வசூலுக்குப் போகவேண்டும். மாதம் ஒருமுறை வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் பாக்கி எவ்வளவு என்று உங்கள் போனிலிருந்தே செய்தி போகட்டும், வசூல் ஆள் கையில் கொடுத்து அனுப்பக்கூடாது.

வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம். பழைய புத்தகம் முழுசாகத் திரும்பி வந்த பிறகே புதுசு. கிழித்த சீட்டும் ஒட்டப்பட்டு இருக்கவேண்டும்.

மாம்பலம் | ஜூலை 9, காலை 6.40

514ஐ இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: "எனைவகையான் தேறியக் கண்ணும் வினைவகையான் வேறாகும் மாந்தர் பலர்." எல்லா வகையாலும் ஆராய்ந்து தேர்ந்தாலும் வேலையில் இறங்கியதும் வேறு ஆளாகிவிடுகிறவர் பலர். சிலர் என்று எழுதவில்லை. தெரிந்துதெளிதல் என்று ஒரு முழு அதிகாரம் எழுதிவிட்டு அடுத்த அதிகாரத்திலேயே இதை எழுத ஒரு நேர்மை வேண்டும். 520இல் தீர்வு: "நாடோறும் நாடுக." தினமும் பார். மாலையில் எண்ணும் அந்தச் சீட்டு அதுதான்.

பாரிமுனை | ஜூலை 9, மதியம் 2.15

சரி, ஒரு வாரத்தை விட்டுவிட்டேன். என் இரண்டாவது வரியை யாரும் தொடவில்லை. தொட்டில் பழக்கம். ஆள் மாறுவானா மாட்டானா?

மாம்பலம் | ஜூலை 9, இரவு 8.30

ஔவையாரின் தனிப்பாடல் ஒன்று இந்தப் பழமொழிக்கு நேர் எதிர் நிற்கிறது. சித்திரம் கைப்பழக்கம், செந்தமிழ் நாப்பழக்கம், கல்வி மனப்பழக்கம், நடை நடைப்பழக்கம் என்று அடுக்கிவிட்டு, நட்பு, தயை, கொடை மூன்றை மட்டும் பிறவிக் குணம் என்கிறார். நல்ல பாகப்பிரிவினைதான். ஆனாலும் எனக்கு அந்த மூன்றிலும் முழு உடன்பாடு இல்லை.

இரட்டைப் பிள்ளைகள் ஆய்வுகளின்படி குணவேறுபாட்டில் ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் பிறப்பு வழி. இதைத் தப்பாகப் படிப்பவர்கள்தான் அதிகம். ஒருவனுடைய குணத்தில் பாதி அப்பன் கொடுத்தது என்று அர்த்தம் இல்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் அவ்வளவு பங்கு என்றுதான் அர்த்தம். தனி ஒருவனைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது.

வயது மாற்றுகிறது. 2006இல் 92 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பொறுப்புணர்வு இருபது வயதிலிருந்து நாற்பது வரைக்கும், அதைத் தாண்டியும் கூடிக்கொண்டே போகிறது. 22 வயதுப் பையனை இன்றைக்கு உரைத்து "இவன் இவ்வளவுதான்" என்று எழுதி வைத்தால் பத்து வருஷத்தில் அந்தச் சீட்டு செல்லாது.

பழக்கத்துக்கும் கணக்கு உண்டு. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2010. ஒரு செயல் தானாக வர நடுமதிப்பு 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254. நடுவே ஒருநாள் விட்டால் பெரிதாகக் கெடவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் 21 நாள் கணக்கை மறந்துவிடலாம்.

மாம்பலம் | ஜூலை 9, இரவு 9.05

அந்த 254இல் ஒரு திருத்தம். ஆய்வே 84 நாள்தான் நடந்தது. 254 என்பது அந்த ஆளின் வளைவை நீட்டிக் கணக்கிட்டது, நேரில் பார்த்தது அல்ல. 66ஐ நம்பலாம், 254ஐக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பேசுவோம். இன்னொன்றும் விட்டுப்போயிற்று. அவர்கள் எடுத்துக்கொண்டது சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, நடப்பது போன்றவை. "பொய் சொல்லாமல் இருப்பது" அந்தப் பட்டியலில் கிடையாது. ஒன்றைச் செய்யப் பழகலாம், ஒன்றைச் செய்யாமல் இருக்கப் பழக அதே கணக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. அதனால் "கோபப்படாதே" என்று சொல்வதைவிட "பதில் சொல்வதற்கு முன் பில்லைக் கையில் எடுத்துப் படி" என்று சொல்லலாம். இரண்டாவது செயல், பழக்கமாகும்.

சவுகார்பேட்டை | ஜூலை 10, காலை 7.50

மாற்றுக் குறைந்த தங்கத்தையும் புடம் போட்டு ஏற்றலாம், பத்தர் பட்டறையில் அன்றாடம் நடப்பது. எடை குறையும். அதைச் சொல்லாமல் கணக்குப் போடாதீர்கள்.

அயனாவரம் | ஜூலை 10, காலை 10.20

இவ்வளவு பேசுகிறோம். இன்டர்வியூவில் என்னதான் கேட்பது?

தண்டையார்பேட்டை | ஜூலை 10, இரவு 10.00

வந்த எல்லாரிடமும் அதே ஐந்தாறு கேள்வி, அதே வரிசை. ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே ஐந்துக்கு மதிப்பெண். கடைசியில்தான் கூட்டுவது. வேலைத்திறனை முன்கூட்டிச் சொல்வதில் இப்படி ஒழுங்குபடுத்திய நேர்காணலின் பொருத்தம் 0.42, வாய்க்கு வந்தபடி பேசிப் பார்ப்பது 0.19 என்று 2022இல் வந்த மறுகணக்கு சொல்கிறது. அனுபவ வருஷம் இன்னும் கீழே.

முன்பு வேலை பார்த்த கடைக்குப் போன் போட்டால் "ஆள் எப்படி?" என்று கேட்காதீர்கள். "நல்ல பையன்தாங்க" என்றுதான் பதில் வரும். "மறுபடி வந்தால் எடுப்பீங்களா? எந்த வேலைக்கு எடுக்க மாட்டீங்க?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு முன்னால் வரும் மௌனத்தையும் கணக்கில் வையுங்கள். ஆனால் அதை மட்டும் வைத்துத் தள்ளிவிடவும் கூடாது, ஒரு கடையின் அபிப்பிராயம் ஒரே ஒரு கோடு.

மாம்பலம் | ஜூலை 11, காலை 6.20

நேற்றிரவு உத்திரமேரூர்க் கல்வெட்டைத் திரும்பப் படித்தேன். முதலாம் பராந்தகன் காலம், 919இலும் 921இலும் வெட்டியது. 30 குடும்புகள், அதாவது ஊர்ப் பிரிவுகள்; ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கப் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பது. 360 நாள் பதவி. பள்ளிக்கூடத்தில் இதை ஜனநாயகம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இந்த இழைக்குப் பிறகு படித்தால் மனித சுபாவத்தைப் பற்றிய கையேடு மாதிரி இருக்கிறது. முந்தைய மூன்று வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவன் பெயர் குடத்தில் போடக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் கூடாது, அவனுடைய உறவுமுறைக்காரர்களும் கூடாது. நல்லவனைத் தேடிப் பிடிப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. தகுதி ஓரளவு இருந்தால் குலுக்கலே போதும், ஆனால் ஒரே ஆள் அதிக நாள் உட்காரக்கூடாது, கணக்கு வந்தாக வேண்டும்.

"தத்தம் கருமமே" என்று நான்கு நாளைக்கு முன் நான் பாராட்டியதற்கு அந்த உறவுமுறை விதி இடிக்கிறது. அப்பன் கணக்குக் காட்டாததற்கு மகன் என்ன செய்வான்? அநியாயம்தான். ஆனால் வேலை செய்திருக்கும், வீட்டிலேயே நெருக்கியிருப்பார்கள்.

பாரிமுனை | ஜூலை 12, மதியம் 3.30

பத்துச் சந்தர்ப்பம், மாலைச் சீட்டு, கட்டாய லீவு மூன்றையும் குறித்துக்கொண்டேன். பொறியை விட்டேன். ஒரே ஒரு சந்தேகம். இத்தனையும் வேலைக்காரனுக்கு. முதலாளியை எந்தக் கல்லில் உரைப்பது?

தண்டையார்பேட்டை | ஜூலை 12, இரவு 9.15

அதே கல்லாதான் சார். சின்னக் கடைகளில் கல்லா ஒத்துவராததற்கு நாங்கள் முதலில் தேடும் காரணம் திருட்டு அல்ல, முதலாளி போகிற போக்கில் எடுப்பது. காய்கறிக்கு 200, பெட்ரோலுக்கு 500, யாரோ நன்கொடை கேட்டு வந்தால் 100. எழுதாமல் எடுத்தால் மாலையில் எண்ணுகிறவனுக்குக் குறைவு எங்கிருந்து வந்தது என்று தெரியாது, தன் பணத்தைப் போட்டுச் சரிக்கட்டத் தொடங்குவான் அல்லது எடுக்கத் தொடங்குவான்.

கல்லாவுக்குள்ளேயே ஒரு சின்னச் சீட்டுக் கட்டு, ஒரு பேனா, நூல் கட்டி. தேதி, தொகை, எதற்கு, கையெழுத்து. பத்து ரூபாயாக இருந்தாலும் எழுதிப் போட்டுவிட்டு எடுங்கள். மாலையில் அந்தச் சீட்டையும் பணத்தோடு சேர்த்து எண்ணச் சொல்லுங்கள்.

அயனாவரம் | ஜூலை 12, இரவு 9.40

வீட்டம்மா வந்து எடுத்தால்?

தண்டையார்பேட்டை | ஜூலை 12, இரவு 9.42

அவருக்கும் சீட்டுதான். அதை நீங்கள் போய்ச் சொல்லுங்கள், நான் வரவில்லை.